வெறும் டொமைனுக்கு சிநேம்: கிளவுட்ஃபிளேரின் இலவச டிஎன்எஸ் தேறுமா?

டர்பனில் ஒரு கோயிலோ சங்கமோ தளத்தை கிட்ஹப் பேஜஸ் போன்ற வெளி இடத்தில் வைத்துவிட்டு, பெயரை மட்டும் ஓஆர்ஜி.இசட்ஏ-யில் வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் வரும்: மூன்று டபிள்யூ போட்டால் தளம் திறக்கும், போடாவிட்டால், அதாவது வெறும் டொமைனில், திறக்காது. தைப்பூச நேரத்தில் காவடி நேரம் பார்க்க வருபவர்களில் யார் டபிள்யூ அடிக்கிறார்கள்?

காரணம், டிஎன்எஸ் (தளப் பெயரை சர்வரின் முகவரியாக மாற்றும் அமைப்பு) இயங்கும் முறையைச் சொல்லி 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034 என்ற ஆவணம். ஒரு பெயருக்கு சிநேம் (இன்னொரு பெயரைப் பார் என்று காட்டும் ரெக்கார்டு) இருந்தால் வேறு எந்த ரெக்கார்டும் அதில் இருக்கக் கூடாது. வெறும் டொமைனில் எஸ்ஓஏ (டொமைனின் அடிப்படை விவரம்), என்எஸ் (ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வர்களின் பெயர்) இரண்டும் கட்டாயம். அதனால் அங்கே சிநேமுக்கு இடமில்லை. சில பேனல்கள் தடுக்காமல் ஏற்றுக்கொள்ளும். அப்போது எம்எக்ஸையும் (மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு) சிநேம் காட்டும் பெயரிலேயே தேடுவதால் மின்னஞ்சல் நின்றுபோகும்.

கிளவுட்ஃபிளேர் என்ற சேவையில் பெயர் இடத்தில் @ (வெறும் டொமைனின் குறி), இலக்கில் தளத்தை வைத்திருக்கும் இடம் தந்த பெயர் என்று சிநேம் போட்டால் போதும். அந்தப் பெயரின் ஐபியை (சர்வரின் எண் முகவரி) அதுவே தேடி எடுத்து, கேட்பவருக்கு ஐபியை நேரடியாகச் சொல்லும் சாதாரண ஏ ரெக்கார்டாகக் கொடுக்கிறது. பக்கத்தில் எம்எக்ஸ் பத்திரமாக இருக்கும். காசு இல்லை. இதற்காகவே இதைத் தயங்காமல் சொல்லலாம்.

மாறும்போதுதான் கவனம் வேண்டும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் முறை) போட்டிருந்தால், பெயர் வாங்கிய இடத்தில் அதற்கான டிஎஸ் ரெக்கார்டை முதலில் நீக்குங்கள். நீக்காமல் நேம்சர்வரை மாற்றினால் பலருக்கு டொமைனே காணாமல் போகும். பழைய ரெக்கார்டுகளைத் தானாகத் தேடி எடுக்கும் வசதியை முழுதாக நம்ப வேண்டாம். டிகேஐஎம் (மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க உதவும் ரெக்கார்டு) அடிக்கடி விடுபடும், பழைய பேனலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மின்னஞ்சலுக்கான சிநேம்களில் ஆரஞ்சு மேகத்தை (வருபவர்களைக் கிளவுட்ஃபிளேர் வழியாக அனுப்பும் பொத்தான்) அணைத்துச் சாம்பலாக்குங்கள். ஆரஞ்சில் விட்டால் கிளவுட்ஃபிளேரின் ஐபிதான் பதிலாகப் போகும், சரிபார்ப்பு தோற்கும்.

சிநேம் ரீடைரக்ட் அல்ல, அதாவது பிரௌசரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடாது. பிரௌசர் கேட்பது உங்கள் பெயரைத்தான். தளம் இருக்கும் சர்வரின் செட்டிங்ஸிலும் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் 404 அல்லது சான்றிதழ் பிழை வரும். டிஎன்எஸ் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் இதையே முதலில் பாருங்கள்.

குறை என்றால், இலவசத் திட்டத்தில் முழு டொமைனையும் இவர்கள் நேம்சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும். அது பிடிக்காதவர்களுக்கு அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இல் இதே வேலையைச் செய்யும் அலையஸ் ரெக்கார்டு உண்டு, ஆனால் அமேசானின் குறிப்பிட்ட சேவைகளுக்கோ அதே ஜோனில் (ஒரு டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பு) உள்ள பெயருக்கோ மட்டும், கிட்ஹப்புக்கு ஆகாது. ஜோன் ஒன்றுக்கு மாதம் 0.50 டாலர். லோட் பேலன்சரை (வருகையைப் பல சர்வர்களுக்குப் பங்கிடுவது) அமேசானின் கேப் டவுன் பகுதியில் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

விழாவுக்கு முன் சர்வர் மாற்றுவதானால், சாம்பல் ரெக்கார்டின் டிடிஎல் (பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 86400 என்று இருந்தால் ஒரு நாளாவது முன்னதாக 300 ஆக்குங்கள். பழைய இடத்தை மூடுவதற்கு முன் அங்கே காட்டும் சிநேமை அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டால், கைவிட்ட அந்தப் பெயரை வேறொருவர் அதே சேவையில் எடுத்து, உங்கள் கோயில் முகவரியில் தன் பக்கத்தைக் காட்ட முடியும்.