பாவேந்தர் வினாவிடைக் கையேடு: நான்கு மாதம் பயன்படுத்திய பின்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) தொகுதி 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் தங்கைக்காக, பாரதிதாசனைப் பற்றி மட்டும் தனியாகத் தொகுக்கப்பட்ட வினாவிடைக் கையேடு ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். பதிப்பகத்தின் பெயரை எழுதவில்லை. இதிலுள்ள குறைகள் சந்தையில் கிடைக்கும் இவ்வகைக் கையேடுகள் பலவற்றுக்கும் பொதுவானவை. தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை என்பதும், தமிழில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை என்பதும் படிப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. ஆகவே, ஒரு கவிஞருக்காகத் தனி நூல் வாங்குவதை வீண்செலவு என்று நான் கருதவில்லை.

கையேட்டின் சிறந்த பகுதி, ‘குழப்பும் இணைகள்’ என்ற தலைப்பில் அமைந்த பன்னிரண்டு பக்கங்கள். ‘குயில்’ பாரதிதாசன் நடத்திய இதழ், ‘குயில் பாட்டு’ பாரதியாரின் படைப்பு. ‘குடும்ப விளக்கு’ கற்ற பெண்ணின் இல்லத்தைக் காட்டுவது, ‘இருண்ட வீடு’ கல்லாமையால் சீர்குலைந்த இல்லத்தைக் காட்டுவது. கவிஞர் மறைந்தது 1964இல், ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1969இல். இவற்றை எதிரெதிராக வைத்துக் காட்டியிருப்பதால், வினாத்தாளில் நான்கு விடைகளும் சரி போலத் தோன்றும் அந்த நேரத்தில் கை தடுமாறாது. தொகுத்தவர் பல தேர்வர்களின் தவறுகளை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

செய்யுள் பகுதிக்கு வரும்போது இந்தக் கவனம் காணாமல் போகிறது. ஆறாம் வகுப்புப் பாடநூலில் உள்ள ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். விளைவுக்கு நீர், இளமைக்குப் பால், புலவர்க்கு வேல், அறிவுக்குத் தோள் என்பவற்றைப் பொருத்துக வினாவாகக் கேட்பது வழக்கம். கையேடு இவற்றை அகரவரிசைப்படுத்தி, இரண்டு கட்டங்களாகப் பிரித்து, அட்டவணையாகத் தந்திருக்கிறது. தங்கை அதை மூன்று நாள் மனப்பாடம் செய்தாள். நான்காம் நாள் கேட்டபோது அறிவுக்கு வேல் என்றாள். பிறகு அட்டவணையை மூடிவிட்டுப் பாடலையே இரண்டு முறை பாடச் சொன்னேன். பேர், நேர், நீர், ஊர், வேர் என்று ஓடும் இயைபு, ‘பால்’ வந்தால் அடுத்து ‘வேல்’ என்றும், ‘தோள்’ வந்தால் அடுத்து ‘வாள்’ என்றும் தானே இழுத்துக்கொண்டு போகிறது. கவிஞர் நினைவுக்காகவே கட்டிவைத்த ஏணியைக் கழற்றி, விறகாக அடுக்கித் தந்திருக்கிறது இந்தக் கையேடு.

‘புரட்சிக்கவி’ காப்பியத்துக்கும் இதே கதிதான். ‘பில்கணீயத்தைத் தழுவியது, தலைவன் உதாரன், தலைவி அமுதவல்லி’ என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டார்கள். கதை இதுதான்: மகள் அமுதவல்லிக்குக் கவிதை கற்பிக்கக் கவிஞன் உதாரனை அமர்த்தும் மன்னன், ஆசிரியன் குருடன் என்று மகளிடமும், மாணவி குட்டநோய் கொண்டவள் என்று கவிஞனிடமும் பொய் சொல்லி, இடையே திரை கட்டிவைக்கிறான். முழுநிலவைக் கண்ட உதாரன் ‘நீலவான் ஆடைக்குள் உடல்மறைத்து’ என்று பாடத் தொடங்க, கண்ணில்லாதவன் நிலவை எப்படிப் பாடுவான் என்று ஐயுற்று அவள் திரையை விலக்கிப் பார்க்கிறாள். இதை ஒருமுறை படித்தவருக்கு, அந்த நிலவு வரி எந்த நூலில் இடம்பெற்றது என்ற வினாவுக்கு விடை தேட வேண்டியதில்லை. இதற்கு அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பொறுத்துக்கொள்ள முடியாத குறை விடைப்பகுதியில் உள்ளது. பாரதிதாசன் ‘சிந்துக்குத் தந்தை’ என்று பாராட்டியது பாரதியாரை. காவடிச்சிந்தின் தந்தை எனப்படுபவர் அண்ணாமலை ரெட்டியார். இந்த வேறுபாட்டைக் குழப்பும் இணைகளில் சரியாக விளக்கிய அதே நூல், மூன்றாம் மாதிரித் தேர்வின் விடைகளில் முன்னதற்கும் ரெட்டியாரையே அச்சிட்டிருக்கிறது. சரியாக எழுதிய தங்கை, விடையைப் பார்த்து அடித்துத் திருத்தித் தனக்கே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டாள். அட்டையில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து தெரிகிறது. கட்டமைப்பு பரவாயில்லை. பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை ஏற்கெனவே படித்து முடித்தவர்கள், கடைசி இரண்டு வாரத் திருப்புதலுக்கு இதை வாங்கலாம்; மாதிரித் தேர்வின் விடைகளை மட்டும் பாடநூலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பாடல்களை இன்னும் படிக்காதவர்கள் இந்த 180 ரூபாயைப் பாரதிதாசன் கவிதைத் தொகுதிக்குச் செலவிடலாம்.