‘அசக்லசா’ யார்? லிசியப் பதவிப் பெயரைப் படிக்க இரண்டு வழி

சொல்லைப் பிரித்துப் பார்ப்பது ஒரு வழி. லிசிய மொழியில் (இன்றைய துருக்கியின் தென்மேற்கில் பழங்காலத்தில் பேசியது) ‘-அசா’ விகுதி தொழிலைக் காட்டும்: ‘குமசா’ என்றால் பூசாரி. ஆனால் ‘அசக்ல’ என்ற பகுதிக்கு வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. ஏதோ ஒரு பதவி, அவ்வளவுதான்.

இன்னொன்று, 1973இல் துருக்கியின் லெத்தூனில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சத்ரப் (பாரசீகப் பேரரசின் மாகாண ஆளுநர்) பிக்சோதாரோஸ், சாந்தோஸ் நகருக்கு அர்த்தெமெலிஸை அமர்த்திய வரியில் லிசியம் ‘அசக்லசு’ (இரண்டாம் வேற்றுமை) என்கிறது. அதே இடத்தில் கிரேக்கம் ‘எபிமெலேட்டஸ்’, அதாவது கண்காணிப்பாளர். சரி, கிரேக்கத்தில் எழுதியவர் தனக்குப் பழகிய சொல்லைப் போட்டிருக்கலாம். அதிகாரத்தின் அளவு அதில் முழுதாக இறங்கியிருக்காது. ஆனாலும் என் ஓட்டு கல்வெட்டுக்குத்தான். விகுதி என்ன வேலை என்று சொல்லாது. கல் ஊரையும் ஆளையும் சேர்த்தே சொல்கிறது.