சொல்லில்லாக் கதையின் முதல் வரைவுகளுக்கு: பிளெண்டரின் கிரீஸ் பென்சில்

வசனமே இல்லாத அனிமேஷன் குறும்படம் ஒன்றின் வரைவுகளைச் சில மாதங்களாகப் பிளெண்டர் என்னும் முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில், கோட்டோவியம் வரைவதற்கென உள்ள கிரீஸ் பென்சில் கருவியில் வரைந்து வருகிறேன். கதை சிறியது. இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர், தேய்க்க வந்த சட்டையின் பையில் ஒரு கடிதத்தைக் காண்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உரியவரிடம் அதைச் சேர்க்க அவர் படும் பாடுதான் நான்கு நிமிடப் படம்.

சொல்லில்லாத கதையில், ஒரு படம் திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே வாக்கியத்தின் வேலையைச் செய்கிறது. காகிதத்தில் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டில் அந்த நேரம் தெரிவதில்லை. இக்கருவியிலோ முதல் கிறுக்கலே டைம்லைன் என்னும் காலக்கோட்டில் அமர்ந்துவிடுகிறது. அடுத்த கீஃப்ரேம், அதாவது புதிய ஓவியம் தொடங்கும் புள்ளி, வரும்வரை முந்தைய ஓவியம் திரையில் நிற்கும் என்பதால், கீஃப்ரேமைத் தள்ளி வைப்பதே காட்சியை நீட்டுவதாகிறது.

அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை உணர்த்த, கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக வரைந்தேன். தோளுக்குப் பின்னிருந்து பார்க்கும் காட்சி. மேலே இருக்க வேண்டிய பிள்ளையார் சுழி கீழே இருக்கும். முதல் வரைவில் அது 12 பிரேம்கள் (நொடிக்கு 24 நிலைப்படங்கள்), அதாவது அரை நொடி. பார்த்தவர்கள் அனைவரும், அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கலங்குகிறார் என்றே எண்ணினார்கள். 48 பிரேம்களாக்கிய பிறகும் பாதிப்பேருக்குப் புரியவில்லை. கட்டைவிரல் சுழியை மறைத்திருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். கையும் காகிதமும் தனித்தனி லேயர்களில் (அடுக்குகளில்) இருந்ததால், கையை மட்டும் ஓரத்திற்கு நகர்த்தி, கேமராவைக் காகிதத்தின் அருகே கொண்டுசென்றேன். கோடுகள் புள்ளிகளால் ஆன வெக்டர் கோடுகள் என்பதால் அருகில் சென்றாலும் சிதையவில்லை. ஒரு கோட்டைக்கூட மறுபடி வரைய நேரவில்லை. வரைந்து முடித்த பிறகும் கேமராவின் இடத்தை மாற்ற முடிவது, வரைவு நிலையில் இருக்கும் கதைக்கு மிகப் பெரிய உதவி என்று கருதுகிறேன்.

ஒவ்வொரு காட்சியையும் தனி 'சீனாக' (பிளெண்டர் கோப்புக்குள் ஒரு தனிப் பணிவெளி) அமைத்து, அதே மென்பொருளின் படத்தொகுப்புப் பகுதியான வீடியோ சீக்வென்சரில் வரிசைப்படுத்தலாம். சீனில் செய்யும் திருத்தம் அங்கும் தானே வந்துவிடும். கரி இஸ்திரிப்பெட்டியை மேசையில் வைக்கும் ஓசையை அங்கே சேர்த்தபோது, நான் வரைந்திருந்த மூன்று முகபாவங்கள் தேவையற்றவை என்று தெரிந்து நீக்கிவிட்டேன்.

2025-இல் சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற, வசனமற்ற லாட்வியப் படமான 'ஃப்ளோ' பிளெண்டரிலேயே உருவானது. அதன் இயக்குநர் கிண்ட்ஸ் ஜில்பலோடிஸ் ஸ்டோரிபோர்டைத் தவிர்த்து, முப்பரிமாண வெளியில் கேமராவை நேரடியாக நகர்த்திப் பார்த்தே காட்சிகளைக் கண்டடைந்தார். என்னைப் போல் கோட்டோவியத்தில் தொடங்குபவர்களுக்கும் கிரீஸ் பென்சிலால் அவ்வழி ஓரளவு திறக்கிறது.

குறைகள் உண்டு. வரைவதற்கு ஒரு நிலை, கோட்டைத் திருத்த இன்னொரு நிலை, பொருளை நகர்த்த வேறொன்று என மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், முதல் சில வாரங்களில் கதையைவிட விசைப்பலகைக் குறுக்குவிசைகளே மனத்தை நிறைக்கும். காகிதத்தில் பழகிய கைக்கு இது சோர்வு தரும். மவுஸால் வரைந்தால் கோட்டில் அழுத்த வேறுபாடு வராது; அழுத்தம் உணரும் பேனாப் பலகை கட்டாயம் வேண்டும். மேலும், 2024 நவம்பரில் வெளிவந்த 4.3 பதிப்பில் இக்கருவியின் அடித்தளமே மாற்றி எழுதப்பட்டது. பழைய பயிற்சிக் காணொளிகளில் காட்டும் கட்டளைப் பட்டியல்கள் (மெனுக்கள்) சில இடங்களில் பொருந்துவதில்லை என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அதற்குப் பிந்தைய பாடங்களையே தேடிப் பார்ப்பது நல்லது.

பிளெண்டர் முற்றிலும் இலவசம். அதில் உருவாக்கும் படத்தை விற்பதற்கும் கட்டணம் இல்லை. ஓரிரு கட்டங்களை மட்டும் வரைந்து பிறரிடம் காட்ட நினைப்பவர்களுக்குக் காகிதமே போதும். ஒரே கதையைப் பலமுறை கலைத்து அடுக்கத் துணிந்தவர்களுக்கு இக்கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.