பழைய கம்ப்யூட்டருக்கு எது முதலில்: ரேமா, எஸ்எஸ்டியா, லினக்ஸா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: 4 ஜிபி ரேம் (மெமரி என்பதும் இதைத்தான், ஓடும் புரோகிராம்கள் தங்கும் இடம்), சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பிரவுசரைத் திறந்தால் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுகிறது, மவுஸ் நகர மறுக்கிறது. கடையில் ஒருவர் "ரேம் போடுங்க" என்பார். அடுத்த கடைக்காரர் "எஸ்எஸ்டி போட்டாப் பறக்கும்" என்பார், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும் சுழலாத டிஸ்க் அது. காலேஜ் படிக்கும் பையன், விண்டோஸை எடுத்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம் என்பான். எந்த மெஷினுக்கு எது என்று பார்க்காமல் செலவழிப்பதில்தான் காசு வீணாகிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் சதவீதத்தோடு 'கமிட்டட்' என்று ஒரு வரி இருக்கும்: புரோகிராம்களுக்குத் தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட மெமரியும், அதன் உச்சவரம்பும். சாய்கோட்டுக்கு இடப்பக்க எண் வலப்பக்க எண்ணை நெருங்கிவிட்டால் நிஜமாகவே தட்டுப்பாடு. 'கேஷ்ட்' என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வேறு புரோகிராம் கேட்டதும் விண்டோஸ் விட்டுக்கொடுக்கும் இடம் அது. அடுத்து டிஸ்க்கைப் பாருங்கள். மெமரி 60, 70-லேயே இருந்து டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால், ரேமுக்குச் செலவழித்துப் பயனில்லை.

நம் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, படைப்புக்கோ (முன்னோருக்கான வீட்டு வழிபாடு) கல்யாணத்துக்கோ திறக்கிற வீடுகளில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சேர்ந்துபோன அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அன்றைய வேகத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரு ராத்திரி இணையத்தோடு ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுநாள் பாருங்கள்.

காசில்லாத வழியை முதலில் முடித்துவிடலாம். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துங்கள், பிரவுசரில் பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை எடுங்கள், குரோமில், பார்க்காத டேப்களின் மெமரியை விடுவிக்கும் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள். 'ரேம் கிளீனர்' என்று வரும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். அவை மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளி எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த கிளிக்கில் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும், மெஷின் முன்னைவிட மோசமாகத் திணறும்.

கானாடுகாத்தானில் அயித்தை வீட்டு மெஷினில் 3.5 ஜிபி நிரம்பி இருந்தது. ஆனால் பட்டியலில் இருந்த புரோகிராம்களைக் கூட்டினால் 2 ஜிபிகூட வரவில்லை. "ராத்திரி அணைச்சுட்டுத்தானே படுத்தேன்" என்றார் அயித்தை. அணைத்தது உண்மைதான். ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உட்பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து மறுபடி அப்படியே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 'நான்-பேஜ்டு பூல்' என்ற எண், அதாவது டிஸ்க்குக்குத் தள்ள முடியாதபடி விண்டோஸும் டிரைவர்களும் பிடித்துவைத்திருக்கும் மெமரி, ஒரு ஜிபிக்கு மேல் போயிருந்தது. சில நூறு எம்பியில் இருக்க வேண்டியது அது. ஏதோ ஒரு டிரைவர் (வைஃபை, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) வாங்கிய மெமரியைத் திருப்பித் தரவில்லை. வைஃபை டிரைவரைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்ததும் இறங்கியது, ரேம் வாங்கும் பேச்சே அதோடு நின்றது.

இதெல்லாம் பார்த்த பிறகும் கமிட்டட் முட்டி நின்றால், ரேம்தான். 4-லிருந்து 8 ஜிபிக்குப் போவது போன்ற மாற்றத்தை வேறு எதுவும் தராது. வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா? 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் கண்டுகொள்ளாது. ரேம் செருகும் ஸ்லாட் காலி இருக்கிறதா? டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். மதர்போர்டு எவ்வளவு ரேம் தாங்கும் என்பது அதிலுள்ள சிப்செட்டைப் பொறுத்தது. ஜி31 போர்டு 4 ஜிபியோடு நின்றுவிடும், ஜி41 என்றால் 8, எச்61 என்றால் 16. லேப்டாப்பில் டிடிஆர்3, குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்ற இரண்டு ரேம் வகைகளின் வித்தியாசத்தையும் கேட்டு வாங்குங்கள். சில மாடல்கள் 1.35 வோல்ட் ரேமை மட்டுமே ஏற்கும்.

எஸ்எஸ்டி போட்டால் மெமரி சதவீதம் துளிகூடக் குறையாது. ஆனாலும் மெஷின் மாறிவிட்டது போலத் தெரியும். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத்தான் கடன் கேட்கிறது. ஹார்டு டிஸ்க் அங்கங்கே தேடிப் படிப்பதில் வினாடிக்கு நூறு தடவை வாக்கில்தான் தாங்கும், எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தாங்கும். ரேம் கூட்ட முடியாத ஜி31 போர்டுக்கு எஸ்எஸ்டியைத் தவிர வாங்கத் தகுந்தது இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால்? வீட்டில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து டேப், கூடவே வீடியோ கால் என்றால் ரேம். ஒவ்வொன்றாகத் திறந்து வேலை பார்ப்பவர்களுக்கு, பெரியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான், எஸ்எஸ்டி.

லினக்ஸைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். நாம் பேசும் மெஷின்கள் தேறாது. ஆகவே மெமரிக்காக இல்லாவிட்டாலும் பாதுகாப்புக்காக லினக்ஸின் இலகுவான வகைகளான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுண்டுவையோ யோசிக்கத்தான் வேண்டும். சும்மா இருக்கும்போது ஒரு ஜிபி வாக்கில்தான் எடுக்கும். ஆனால் பிரவுசர் அங்கேயும் அதே பிரவுசர்தான், டேப் கூடினால் அதே பசிதான்.

கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. கடைக் கணக்கு அதில் இருந்தால் இந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவும் அடம் பிடிக்கும். தமிழ் 99 தட்டச்சுக்குக் குறையில்லை. கோவில் புள்ளிக் கணக்கை (கோவிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு) எக்ஸெலில் பழைய எழுத்துருவில் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், இல்லையேல் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை, பிரிண்டர், புள்ளிக் கணக்கு மூன்றையும் அதில் பார்த்துவிட்டு, போட்டோக்களையும் கணக்கையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகே விண்டோஸை அழியுங்கள்.