பழைய மாருதிக்கு வீட்லயே பெயிண்ட்: டப்பா ஸ்ப்ரேவா, ரோலரா, கன்னா?

எங்க வண்டி 98 மாடல் மாருதி 800, வெள்ளை. கூரையில கைய வெச்சா சுண்ணாம்பு மாதிரி ஒட்டும், கதவுக்கு அடியில துரு கொப்புளம் கொப்புளமா கிளம்பிருச்சு. பெயிண்டர் சொன்ன ரேட்டு வண்டி விலைய தொடுற மாதிரி இருந்துச்சு, சரி நாமளே அடிச்சுருவோம்னு இறங்கிட்டேன். ஒண்ணு சொல்லிடுறேன், கலர மட்டும் மாத்தாதீங்க, ஆர்சி புக்குல கலரும் போட்டிருக்கும், மாத்துனா ஆர்டிஓ ஆபீஸுக்கு அலையணும். என்னோட கலர் நம்பர் 26யூ, சுப்பீரியர் ஒயிட், அந்த நம்பர சொன்னா பெயிண்ட் கடையில கலந்து குடுத்துருவாங்க. சில்வர் மாதிரி மெட்டாலிக் கலர்னா வீட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க, திட்டு திட்டா தெரியும்.

மொதல்ல டப்பா ஸ்ப்ரே. குலுக்கி அமுக்கினா போதும், ஒரு கண்ணாடி மூடி, ஒரு பம்பர் மூலைக்கெல்லாம் இத அடிச்சுக்க ஆள் இல்ல. முழு வண்டின்னா 400 மில்லி டப்பா 15க்கு மேல ஆகும், அந்தக் காசுக்கு கம்ப்ரசரையே வாடகைக்கு எடுத்துரலாம். பானட் மாதிரி பெரிய இடத்துல அடிச்சா கோடு கோடா தெரியும், ஆள்காட்டி விரல் வேற ரெண்டு நாளைக்கு மரத்துப் போகும். பெட்ரோல் மூடிய சுத்தி நான் இதத்தான் அடிச்சேன், பங்க்ல தம்பி ரெண்டு சொட்டு சிந்துனான், துணியால தொடச்சேன், வெள்ளை துணிக்கு வந்துருச்சு, வண்டியில பிரைமர், அதான் அடிப்பூச்சு, பல்லிளிக்குது.

அடுத்தது ரோலர். சிரிக்காதீங்க, நண்பன் ஒருத்தன் ஆம்னிக்கு இப்படித்தான் அடிச்சான். கேட்டுக்கு அடிக்கிற எனாமல்தான், டர்பன்டைன் ஊத்தி நல்லா தண்ணியா கலக்கி, ஃபோம் ரோலர்ல மெல்லிசா ஆறேழு கோட், ஒவ்வொரு கோட்டும் ஒரு ராத்திரி காயணும், ரெண்டு கோட்டுக்கு ஒருக்கா வாட்டர் பேப்பர், தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். பத்தடி தள்ளி நின்னு பாத்தா சூப்பரா இருக்கு, கிட்ட போனா ஆரஞ்சு தோல் மாதிரி மேடு பள்ளம். புகை இல்ல, பக்கத்து வண்டி மேல தெறிக்காது, அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு இத விட்டா வழி இல்ல. ஆனா வெள்ளை எனாமல் நாளாக நாளாக மஞ்சளா திரும்பும், அது கூட பரவால்ல, பின்னாடி மனசு மாறி மேல டூக்கோ (அடுத்து சொல்லப்போற பெயிண்ட்) அடிச்சீங்கன்னா அந்த தின்னர் பட்டதும் எனாமல் அப்படியே பால் ஆடை மாதிரி சுருங்கி எழும்பிரும், மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆகணும்.

நான் போனது மூணாவது வழி, என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், நம்ம ஊரு பாஷையில டூக்கோ, கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும். இதுல பிடிச்சதே மன்னிக்கிற குணம்தான். கால் மணி நேரத்துல காயுது, கொசு ஒட்டுனாலும் பெயிண்ட் வடிஞ்சாலும் மறுநாள் தேச்சு விட்டு மேல அடிச்சுக்கலாம். 1 ஹெச்பி கம்ப்ரசர்ல காத்து சீக்கிரம் தீர்ந்துரும், அதனால இன்னிக்கு ஒரு கதவு நாளைக்கு ஒரு ஃபெண்டர்னுதான் ஓடும். கம்ப்ரசர் டேங்க் அடியில இருக்கற தண்ணிய தெறந்து விடாம அடிச்சா பெயிண்ட்ல கொப்புளம் வரும். என் தப்பு ஐப்பசி மாசத்துல ஆரம்பிச்சது. தூறல் விட்ட சாயங்காலம் பானட் அடிச்சேன், அஞ்சு நிமிஷத்துல பளபளப்பு போய் ஈரத்துல மங்கிப் போச்சு, வெயில் வர்ற வரைக்கும் காத்திருந்து திரும்ப அடிச்சேன். மாடியில துணி காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் பேசல. கடைசியில 1500, 2000 பேப்பர், அப்புறம் ரப்பிங் கம்பவுண்ட்னு தேச்சு பளபளக்க வைக்கிற பசை, அது இல்லாம டூக்கோ மினுங்கவே மினுங்காது.

மூணுக்கும் பொதுவானது பட்டி வேலை, அதாவது பள்ளத்த பசை போட்டு நிரப்பி சமமா தேய்க்கிறது, மொத்த நேரத்துல முக்காவாசி இங்கதான் போகும். துருவ வெறும் தகரம் தெரியுற வரைக்கும் சுரண்டி, பிரைமர், பட்டி, 80 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சு 220, 400, 800னு தேய்க்கணும், பேப்பர வெறுங்கையில பிடிக்காம ரப்பர் கட்டையில சுத்திக்கோங்க, இல்லன்னா விரல் போன இடமெல்லாம் வாய்க்கால் விழும். ஒரு மெல்லிசு துணிய விரிச்சு அது மேல உள்ளங்கைய வெச்சு தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். டிங்கர் ஒருத்தர் காட்டிக் குடுத்தது, என் கதவுல நாலு எடம் சிக்குச்சு.

பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. ஹார்டனர் கலந்து அடிக்கிறது, பளபளப்புலயும் ஆயுசுலயும் டூக்கோ இது கிட்டயே வர முடியாது, பெட்ரோலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்த ஹார்டனர்ல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலுக்கு விஷம், தனியா காத்து வர்ற மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும், கர்ச்சீப் கட்டிக்கிட்டு கார் ஷெட்ல அடிக்கிற சரக்கு இல்ல.

இப்ப திரும்ப பண்ணா நான் இப்படித்தான் பண்ணுவேன்: பட்டி, பிரைமர், தேய்ப்பு எல்லாம் வீட்ல நானே, கடைசி கலர் மட்டும் பெயிண்டர் ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போய் பியூ. கூலியில பெருசு அந்த பட்டி வேலைக்குத்தான் போகுது. பெயிண்டர் மூஞ்ச சுளிப்பாரு, "சார் நீங்க போட்ட பட்டிக்கு நான் கேரண்டி இல்ல"ம்பாரு, சரின்னுட்டு சாவிய குடுத்துருங்க.