கேரவன் டயருக்கு எந்த கம்ப்ரஸர்? ஏஆர்பி ட்வின் போர்ட்டபிள் பற்றி

பெட்டியின் மேல் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, சுமார் 10 பார்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துக் கம்ப்ரஸர் வாங்காதீர்கள். அந்த எண், மெஷின் மூச்சைப் பிடித்து எட்டக்கூடிய கடைசி எல்லை, அவ்வளவுதான். கேரவன் இழுப்பவர் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. டயருக்குள் ஏற்கெனவே 3, 4 பார் இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றைத் தள்ளும்? ஓய்வில்லாமல் எவ்வளவு நேரம் ஓடும்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்த விற்பனையாளர் கிடைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

நாங்கள் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். நான் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன். வால்வும் குழாயும் பம்பும்தான் தினமும் கையில். எங்களுடையது ஒற்றை அச்சு கேரவன். டயர் அளவு 185ஆர்14சி. அதன் பக்கச் சுவரில் 102 என்று இருக்கும். ஒரு டயர் 850 கிலோ வரை தாங்கும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் அந்த 850 கிலோ சும்மா வராது, 4.5 பார் காற்று இருந்தால்தான். கேரவனில் பதித்திருக்கும் தகவல் தட்டில் 4.2 பார் என்று பொறித்திருக்கிறது, நான் அதையே வைக்கிறேன். படுக்கை, ஃப்ரிட்ஜ், கேஸ், தண்ணீர், பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் இரண்டே இரண்டு டயர் சுமக்கிறது. காரில் நான்கு டயர் பகிர்ந்துகொள்ளும் வேலை இது.

இந்த வகை டயரில் 3 பார் இருந்தாலும் பார்வைக்கு 4.2 மாதிரியே நிற்கும். காலால் உதைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓட ஓட பக்கச் சுவர் வளைந்து வளைந்து சூடாகும். வெளியே நல்ல வெயிலில் என்3 சாலையில் மூய் ரிவர் ஏற்றம் ஏறும்போது அந்தச் சூடு ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்திவிடும். அப்புறம் டயரின் மேல்பட்டை உரிந்து சக்கரக் கூண்டையும் கேரவன் தரையையும் அடித்துக் கிழிக்கும். ரோட்டோரம் கிடக்கும் கறுப்புப் பட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. பின்னால் வருபவர் பைக்கில் வந்தால் என்ன ஆவது?

பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாமே என்பார்கள். முதலில், கேரவனோடு அந்தக் காற்றுக் குழாய் பக்கம் நெருங்குவதே கஷ்டம். நெருங்கினாலும் குழாய் எட்டாது. மின்வெட்டு நேரத்தில் அவர்களுடைய கம்ப்ரஸரே ஓடாமல் நின்ற காலத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தட்டில் எழுதியிருக்கும் 4.2 பார், டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. பங்குக்கு ஓட்டிக்கொண்டு போவதற்குள் டயர் சூடாகி அளவு ஏறிவிடும். வீட்டு வாசலில், விடியற்காலையில், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு முன் அளந்து அடிக்க வேண்டும். அதற்கு சொந்த மெஷின் வேண்டும்.

சின்ன மெஷின் போதாதா என்றால், என் மச்சான் வைத்திருந்ததைச் சொல்கிறேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ரகம், பெட்டியில் 150 பிஎஸ்ஐ. சொத்வானா கடற்கரையில் ஒரு வாரம் தங்கிவிட்டு, மணலில் ஓட்டுவதற்காகக் காற்றை இறக்கிய டயர்களை வெளியே வந்து ஏற்ற ஆரம்பித்தோம். அவருடைய பக்கியின் (பிக்கப் வண்டியின்) டயர்களை ஒருவழியாக முடித்தது. கேரவன் டயரில் 3 பாரைத் தாண்டியதும் சத்தம் கனத்தது, முள் நகரவில்லை. மெஷினிலிருந்து குழாய் கிளம்பும் பித்தளை முனையில் விரல் வைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் லைட்டர் பிளக்கின் பிளாஸ்டிக் இளகிய வாசனை. "விடுங்க மச்சான், இது தாங்காது" என்று நானே பிடுங்கிவிட்டேன்.

இதில் அந்த மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே அப்படித்தான். லைட்டர் துளைக்கு வண்டியில் பெரும்பாலும் 15 ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில்தான் ஃப்யூஸ் இருக்கும். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். அந்த 180 வாட்டுக்குள் எவ்வளவு பெரிய பிஸ்டனை ஓட்ட முடியும்? 150 பிஎஸ்ஐயைத் தொடும், ஆனால் சொட்டுச் சொட்டாக. பேட்டரியின் மேல் நேராகக் கவ்வும் கிளிப் இல்லாத எந்த மெஷினும் கேரவன் டயருக்கு முழு நேர வேலைக்கு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் ஒரு கணக்கு. எங்கள் கேரவன் டயருக்குள் இருக்கும் இடம் ஏறத்தாழ 37 லிட்டர். 2 பாரிலிருந்து 4.2 பாருக்கு ஏற்ற வேண்டுமானால், வெளிக்காற்றில் சுமார் 80 லிட்டரை உள்ளே அமுக்க வேண்டும். பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்ட மெஷின் அந்த 35ஐத் தருவது, குழாய் எதிலும் மாட்டாமல் காற்றில் ஊதும்போது மட்டும். எதிரழுத்தம் ஏற ஏற அது சரசரவென்று இறங்கும். 4 பாரில் பாதிகூட மிஞ்சாது. அதனால்தான் கடைசி அரை பார் யுகமாக நீள்கிறது. அதனால்தான் மெஷின் வேகுவதும் அந்த நேரத்தில்தான்.

நான் எடுத்தது ஆஸ்திரேலிய நிறுவனமான ஏஆர்பியின் ட்வின் போர்ட்டபிள். இரண்டு மோட்டார், இரண்டு சிலிண்டர், 12 வோல்ட். எதிரழுத்தம் இல்லாதபோது நிமிடத்துக்கு 174 லிட்டர். 2 பாரில் சுமார் 132 லிட்டர். 2 பார் அளவையும் சேர்த்து வெளிப்படையாக அச்சிட்டுத் தருகிறார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 150 பிஎஸ்ஐ தொட்டதும் தானே நின்றுகொள்ளும். ஓய்வு தேவையில்லை என்பதையும் அளவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன காற்றுத் தொட்டியும் இருப்பதால், கைப்பிடியை அமுக்கியதும் முதல் ஊதல் பலமாக வருகிறது.

இதே கம்பெனியின் ஒற்றை சிலிண்டர் மெஷின் விலையில் குறைவு. ஆனால் அது ஓடிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு கேட்கும். கார் டயர் மட்டும் பார்ப்பவருக்கு அது போதும்.

அமெரிக்காவில் கேரவன் டயர் கணக்கே வேறு. அங்கே டிரெய்லருக்கென்றே செய்த டயர்களில் 65 பிஎஸ்ஐ, 80 பிஎஸ்ஐ சாதாரணம், கனமானவற்றில் 110 வரை போகும். அவர்கள் அதிகம் பேசுவது வயேர் என்ற பிராண்டைப் பற்றி. அதன் 400பி-ஆர்வி மாடல் வேகமானது, ஆனால் 100 பிஎஸ்ஐயில் 15 நிமிடம் ஓடினால் அரை மணி ஓய்வு வேண்டும். 450பி-ஆர்வி அதைவிட மெதுவானது, ஆனால் அதே 100 பிஎஸ்ஐயில் ஓய்வே கேட்காது. அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கிவரச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வேகமாக ஓடி நடுவில் படுத்துக்கொள்வதைவிட மெதுவாக ஓடி முடிப்பது மேல்.

சரி, என் மெஷின் களத்தில் எப்படி? சொத்வானா மணலுக்கு பக்கி டயரை 1.4 பாருக்கும் கேரவன் டயரை 2 பாருக்கும் இறக்குவேன். வெளியே வந்து ம்பாஸ்வானா ஊருக்குப் போகும் தார்ச் சாலை ஓரத்தில் வண்டியை ஒதுக்கி ஆறு டயரையும் ஏற்ற வேண்டும். கேரவன் டயர் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆவதில்லை. நான்காவது, ஐந்தாவது டயரிலும் சத்தம் மாறுவதில்லை. மெஷின் உடம்பு சுடத்தான் செய்கிறது, ஆனால் வேகம் குறையவில்லை.

குழாய் நீளம் பற்றி யாரும் கடையில் பேசுவதில்லை, பேச வேண்டும். பேட்டரி பக்கியின் மூக்கில் இருக்கிறது. கேரவன் சக்கரம் அங்கிருந்து எட்டு, ஒன்பது மீட்டர் தள்ளி. இந்த மெஷினோடு வரும் குழாய் 6 மீட்டர். எக்ஸ்டென்ஷன் குழாய் சேர்க்கலாம். ஆனால் மின்சார ஒயரை மட்டும் நீட்டாதீர்கள். 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மெஷின் இது. மெல்லிய நீள ஒயரில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் திணறும், ஒயர் சுடும். நான் கேரவனுக்குள் இருக்கும் 105 ஆம்பியர்-மணி பேட்டரியிலேயே கிளிப்பைக் கவ்வுகிறேன். கதவுக்கு வெளியே மெஷின், பக்கத்திலேயே சக்கரம். சில நிமிட வேலைக்கு அந்தப் பேட்டரி தாராளம். பக்கி டயருக்கு மட்டும் பக்கி பேட்டரி, இன்ஜினை ஓடவிட்டபடி.

குழாயின் முனையும் சின்ன விஷயம் இல்லை. திருகி மாட்டும் முனையை 4.2 பாரில் கழற்றினால் ஒவ்வொரு திருகுக்கும் உஸ் என்று காற்று போகும், அடித்ததில் கொஞ்சம் வீணாகும். நெம்புகோல் வைத்துப் பட்டென்று விடும் முனையை வாங்கி மாட்டிக்கொண்டேன். கேஜை (அழுத்தமானியை) படிக்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டுப் படியுங்கள். காற்று ஓடும்போது முள் காட்டுவது குழாயின் அழுத்தம், டயரின் அழுத்தம் அல்ல. எந்தக் கம்ப்ரஸரின் கேஜையும் நான் கடைசி வார்த்தையாக எடுப்பதில்லை. தனியாக ஒரு நல்ல கேஜ் டாஷ்போர்டில் கிடக்கிறது.

குறை என்றால், கனம். பெட்டியை ஒரு கையில் தூக்கினால் தோள் சாய்கிறது. என் மனைவி அதைக் கேரவன் படியிலிருந்து இறக்க விரும்புவதில்லை, நானும் கேட்பதில்லை. சத்தமும் உண்டு. ஸ்காட்பர்க் கேரவன் பார்க்கில் காலை ஆறு மணிக்கு ஓட்டினால் பக்கத்துக் கூடாரத்து மாமாவும் மாமியும் எழுந்துவிடுவார்கள். அதனால் கிளம்பும் நாளில் முந்தின சாயங்காலமே, டயர் ஆறிய பிறகு, அடித்து வைத்துவிடுகிறேன். விலையும் கனம்தான். நல்ல டயர் சில வாங்கிவிடலாம். ஆனால் அந்த நல்ல டயர்களை நல்லபடி வைத்திருப்பது இந்த மெஷின் என்பதால் எனக்கு மனம் ஆறுகிறது.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். மலைக்கு மேலே மெஷின் கொஞ்சம் மெதுவாகிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட சுமார் 0.19 பார் குறைவு, அதனால் பிஸ்டன் ஒவ்வொரு இழுப்பிலும் குறைவான காற்றைத்தான் உறிஞ்சும். டர்பனில் அடித்த டயரில் அதே 0.19 பார் கேஜில் கூடுதலாகவும் காட்டும். ஆனால் ஜூலையில் அங்கே காலை உறைபனி. டர்பனில் 25 டிகிரியில் 4.2 வைத்த டயர், அங்கே பூஜ்ய டிகிரியில் குளிரால் மட்டுமே அரை பாருக்கு அருகில் இழக்கும். உயரம் கொடுத்ததைக் கழித்தாலும் சுமார் 0.25 பார் குறையும். திரும்பும் நாள் காலையில் அதைப் பார்க்காமல் வான் ரீனன் கணவாயில் இறங்கக் கூடாது.

கம்ப்ரஸருக்குச் செலவழிப்பவர்கள் வால்வையும் பார்த்துவிடுங்கள். காரில் சாதாரணமாக மாட்டும் டிஆர்413 ரப்பர் வால்வின் எல்லை 65 பிஎஸ்ஐ, அதாவது கிட்டத்தட்ட 4.5 பார். கேரவனில் நாம் அந்த எல்லையின் வாசலில் நிற்கிறோம். வெயிலில் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். டயர் மாற்றும்போது உயர் அழுத்த வால்வு கேளுங்கள். டிஆர்600எச்பி என்றால் கடைக்காரருக்குப் புரியும், அது 100 பிஎஸ்ஐ தாங்கும். எங்கள் பக்கத்து டயர் கடைத் தம்பி, "அண்ணே, இதைக் கேட்டு வாங்குறது நீங்க ஒருத்தர்தான்" என்றான். கேரவன் வைத்திருக்கும் எல்லோரும் கேட்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மணலுக்கே போகாதவர், கடற்கரை ஓரப் பார்க்குகளோடு நிறுத்திக்கொள்பவர், இவ்வளவு பெரிய மெஷின் வாங்கத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது வாரம் கழிந்து குறையும் 0.1, 0.2 பாரைச் சரிக்கட்டுவது மட்டும். மக்கிட்டாவின் 18 வோல்ட் டிஎம்பி180 மாதிரி பேட்டரி இன்ஃப்ளேட்டர் அதற்குப் போதும். 8.3 பார் வரை எட்டும், வேண்டிய அளவை எண்ணில் வைத்துவிட்டால் தானே நிற்கும். வீட்டில் அதே பேட்டரியில் ட்ரில் இருந்தால் செலவும் குறைவு. ஆனால் தட்டையான டயரை 4 பாருக்கு ஏற்ற அதை நம்பாதீர்கள், அது அதற்குச் செய்ததில்லை.

மணலுக்குப் போகிறவர்கள் வீடு வந்ததும் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிவிட வேண்டும். சொத்வானா மணல் மாவு போல நைசானது, பஞ்சுக்குள் புகுந்து அடைத்தால் மெஷின் இழுக்கவே கஷ்டப்படும். தொட்டியில் சேர்ந்த காற்றையும் விட்டுவிட்டுப் பெட்டியை மூடுங்கள். டர்பன் ஈரப்பதத்தில் காற்றோடு வந்த தண்ணீரும் அதோடு வெளியேறிவிடும்.