வண்ணாரப்பேட்டைச் சந்தில் பின்லாந்து: ஒரு பழைய புத்தகக் கடை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைக் கடந்து வலப்புறச் சந்து ஒன்றில் திரும்பினால், 'பழைய புத்தகங்கள் வாங்கப்படும், விற்கப்படும்' என்று மட்டும் எழுதிய தகரப் பலகை தெரியும். கடைக்கு வேறு பெயர் கிடையாது. முன்பாதியில் பள்ளிப் பாடநூல்களும் நுழைவுத் தேர்வுக் கையேடுகளும் எடைக்கு வந்த வார இதழ்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. விலை நியாயமானது; பக்கம் கிழிந்திருந்தால் கடைக்காரப் பெரியவரே காட்டிவிடுகிறார். இந்த மதிப்புரையை நான் எழுதுவது பின்சுவரில் உள்ள மூன்று தட்டுகளுக்காக.

அந்தத் தட்டுகளில் பழைய 'கலைக்கதிர்', 'சயன்ஸ் ரிப்போர்ட்டர்' இதழ்களும், நாளிதழ்களில் வந்த அறிவியல் செய்திகளை ஆண்டுவாரியாக ஒட்டிய நோட்டுகளும், இரண்டாம் உலகப் போர்க்காலப் பின்லாந்தைப் பற்றிய ஆங்கில நூல்களும் கலந்து நிற்கின்றன. கப்பலில் ரேடியோ அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சேர்த்த நூல்கள் இவை. அவர் காலமான பிறகு குடும்பத்தார் இங்கே கொடுத்திருக்கிறார்கள். நாளிதழ் நோட்டுகளைப் பெரியவர் இன்றும் தம் கையால் தொடர்ந்து ஒட்டி வருகிறார். போர் நூல்களை வரலாற்றுப் பகுதிக்கு மாற்றினால் தேடுவோருக்கு எளிதாக இருக்குமே என்று கேட்டேன். "அவர் எந்த வரிசையில வச்சிருந்தாரோ அதே வரிசையிலதான் வச்சிருக்கேன் டீச்சர். ரேடியோவைப் பத்தி ஒண்ணுல படிச்சுட்டு, அது எங்க உதவுச்சுன்னு பக்கத்துப் புத்தகத்துல பார்த்திருக்கார்" என்றார். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் எனக்கு, அந்த வரிசையின் அருமையை விளக்க ஒரே ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது.

அந்தப் பக்கம் விப்புரி (இன்று ரஷ்யாவிலுள்ள வைபோர்க்) நகரத்தைப் பற்றியது. 1941 ஆகஸ்ட் இறுதியில் பின்லாந்துப் படை அந்நகரைச் சோவியத் படையிடமிருந்து மீட்டபோது, பின்வாங்கியவர்கள் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் அடியில் வானொலி அலையால் இயங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுச் சென்றிருந்தனர். ஒவ்வொரு வெடியிலும் வானொலி அலையை வாங்கும் ஓர் ஏற்பியும், ஆளுக்கொரு சுரத்துக்கு மட்டும் அதிரும் மூன்று இசைக்கவைகளும் இருந்தன; குறிப்பிட்ட அலைவரிசையில் மூன்று சுரங்களும் ஒன்றாக ஒலித்து, மூன்று கவைகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்தால்தான் வெடிக்கும். இதைக் கண்டறிந்த யோகோ போஹ்யன்பாலோ என்ற பொறியாளர், ஒலிபரப்பு வண்டியைக் கொண்டு அதே அலைவரிசையில் ஓயாமல் இசையை ஒலிபரப்பி, எதிரியின் மூன்று சுரங்கள் தனித்துக் கேட்காதபடி செய்தார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது விலி வெஸ்டெரினென் அக்கார்டியனில் வாசித்த 'சாக்கியார்வி போல்கா' என்னும் துள்ளலான நாட்டுப்புற மெட்டு. செப்டம்பர் 4 முதல் 1942 பிப்ரவரி 2 வரை அந்த ஒரே மெட்டு 1,500 தடவைக்கு மேல் ஒலித்தது. அதற்குள் வெடிகளின் மின்கலங்களும் தீர்ந்துபோயின.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ரேடியோ அதிகாரி பென்சிலால் மூன்று இசைக்கவைகளை வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் சிறிய அலைக்கோடு இட்டிருக்கிறார். மூன்றாவது கவையின் மேல் பென்சிலை அழுத்தியதில் தாள் லேசாகப் பள்ளமாகியிருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது. தனக்குரிய சுரம் வந்ததும் கவை தானே அதிரும் ஒத்ததிர்வுப் பாடத்தை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து நடத்தியிருக்கிறேன். ஒரு நகரம் பிழைத்ததற்கு அது காரணமாக இருந்ததை என் மாணவர்களுக்குச் சொல்லும் வாய்ப்பு இந்தக் கடையில்தான் கிடைத்தது.

அந்த நூலுக்கு அடுத்தபடியாக 2024ஆம் ஆண்டின் கத்தரிப்பு நோட்டு இருக்கிறது. பால்டிக் கடலோரத்தில் ஜிபிஎஸ் சமிக்ஞைகள் குலைக்கப்பட்டதால், எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்குச் செல்லும் விமானங்களைப் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரல் இறுதியிலிருந்து ஒரு மாதம் நிறுத்திவைத்த செய்தி அதில் ஒட்டப்பட்டுள்ளது. வந்து சேர வேண்டிய சமிக்ஞையை வலுவான வேறொன்றால் மூழ்கடிக்கும் அதே வேலை அன்று ஓர் ஊரைக் காத்தது, இன்று விமானத்தைத் தடுக்கிறது. காசிமேட்டிலிருந்து ஜிபிஎஸ் கருவியை நம்பிக் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்விகளுக்கே ஒரு பாடவேளை முழுவதும் போய்விட்டது.

1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை பின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் 105 நாள் நடந்த குளிர்காலப் போரைப் பற்றித்தான் இங்கே நூல்கள் அதிகம். பனிச்சறுக்குப் படைகளும் குறிதவறாத வீரர்களும் நிறைந்த அந்த நூல்களைவிட, சோவியத் வசமான கரேலியப் பகுதியை விட்டு வெளியேறிய மக்களைப் பற்றிய மெலிந்த நூலே என்னை அதிகம் பாதித்தது. ஏறத்தாழ 37 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். 1914இல் எம்டன் கப்பல் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதும், 1942இல் ஜப்பானியப் படை வருகிறது என்று நகரமே காலியானதும் எங்கள் வீடுகளில் தாத்தா பாட்டி காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் கதைகள். மூட்டை கட்டிப் போனவர்கள் இங்கே திரும்பி வந்தார்கள். கரேலிய மக்களில் பலர் 1941க்குப் பிறகு திரும்பிப் போனாலும், 1944இல் மறுபடியும் வெளியேற வேண்டியதாயிற்று.

தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் போர் இழப்பீட்டைப் பற்றிய நூலைத் தவறாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்துக்கு 30 கோடி டாலர் மதிப்பில் பொருள்கள் தர வேண்டும் என்று 1944இல் விதிக்கப்பட்ட பின்லாந்து, கப்பல்களும் இயந்திரங்களும் மின்வடங்களும் செய்து அனுப்பி 1952இல் அக்கடனை முடித்தது. அந்த மின்வடங்களைச் செய்த ஹெல்சின்கி ஆலைதான் 1967இல் நோக்கியாவோடு இணைந்தது. டார்ச் விளக்குள்ள நோக்கியா 1100 எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருந்த காலம் நினைவிருப்பவர்களுக்கு, அது எந்த வழியில் வந்தது என்று இந்நூல் காட்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நூல்கள் பெரும்பாலும் பின்லாந்துக்காரரின் பார்வையிலேயே எழுதப்பட்டவை. 1941 முதல் 1944 வரை அந்நாடு ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்டதையும், அதே காலத்தில் லெனின்கிராட் முற்றுகையில் மக்கள் பட்டினியால் மடிந்ததையும் விரிவாகச் சொல்லும் நூல் ஒன்றுகூட இங்கே இல்லை. அதை வேறிடத்தில் படித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கீழ்த்தட்டு மழைக்காலத்தில் ஈரம் கோத்துவிடுகிறது. நான் 120 ரூபாய் கொடுத்து வாங்கிய நூலின் கடைசி இருபது பக்கங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். மறுவாரம் எடுத்துப்போய்க் காட்டியதும் பெரியவர் 70 ரூபாயைத் திருப்பித் தந்தார். ஆயினும் வாங்குமுன் வாசலுக்கு எடுத்துவந்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பது நல்லது; உள்ளே ஒரே ஒரு குழல்விளக்குதான் இருக்கிறது.

தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மாலை நான்கு மணிக்கு மேல் கடை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. கத்தரிப்பு நோட்டுகள் விற்பனைக்கு அல்ல; கேட்டால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்க விடுகிறார், குறிப்பெடுக்கவும் தடை இல்லை. பின்லாந்து அறிவியலாளர் வில்ஹோ வைசாலா 1931இல் பறக்கவிட்ட வானிலை ரேடியோ பலூனைப் பற்றிய நூலுக்கு நான் 50 ரூபாய் முன்பணம் கொடுத்து எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றவை எல்லாம் தட்டிலேயே இருக்கின்றன.